பாடம்: கடைக் கொப்பியும் சமையல் கொப்பியும்

பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல வீடுகளில் ஒரு கடைக் கொப்பி இருக்கிறது. கடனுக்கு வாங்கிய அரிசி, மா, சீனி, பருப்பு எல்லாம் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். வாங்கிய பொருளுக்கு இப்படிக் கணக்கு உண்டு. அந்தப் பொருள் எந்த நாளில், என்ன சாப்பாடாகி, யாருடைய கோப்பைக்குப் போனது என்பதற்குக் கணக்கு இல்லை. அந்த இரண்டாவது கணக்கைப் பற்றி இந்தப் பாடத்தில் சிந்திப்போம்.

1. ஏன் இந்தக் கணக்கு?

2016 ஆம் ஆண்டு நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட குடித்தொகை, சுகாதார ஆய்வு ஒரு கசப்பான உண்மையைக் காட்டியது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறங்களில் நூற்றுக்கு 32 பேர். இதற்குக் காரணங்கள் பல. தாயின் போசாக்குக் குறைவு, அடிக்கடி வரும் வயிற்றோட்டம், சுத்தமான குடிநீர் இன்மை, வறுமை என்பன அவற்றுட் சில. நாளாந்தச் சாப்பாடும் அவற்றில் ஒன்று.

சம்பளம் போதாமையே அடிப்படைப் பிரச்சினை என்பதை நாம் மறைக்கக்கூடாது. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. இடையில் 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஒரே ஆண்டில் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டமக்கள் பட்டினியால் மடிந்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். ஆகவே நியாயமான சம்பளத்துக்கான கோரிக்கைக்கு ஒரு சமையல் கொப்பி ஈடாகாது. கோரிக்கை நிறைவேறும் வரை பிள்ளையின் வளர்ச்சி காத்திருக்காது என்பதாலேயே இதைப் பேசுகிறோம்.

2. மாதத்தின் கடைசி ஒன்பது நாட்கள்

கிழமை நாட்களை வைத்து உணவுப் பட்டியல் போடுவது மாதச் சம்பளம் கைநிறைய வாங்கும் குடும்பத்துக்குப் பொருந்தும். நமக்குச் சம்பள நாளே மாதத்தின் தொடக்கம். பல தோட்டங்களில் 10 ஆம் திகதி சம்பளமும், 25 ஆம் திகதியளவில் முற்பணமும் கிடைக்கின்றன. சம்பளம் கிடைத்ததும் கோழிக்கறியும் மீனும் சமைக்கிறோம். முதலாம் திகதி தொடக்கம் 9 ஆம் திகதி வரை ரொட்டியும் சம்பலும் மட்டுமே மிஞ்சுகின்றன. வயிறு நிறைகிறது, உடலைக் கட்டியெழுப்பும் புரதம் கிடைப்பதில்லை.

யோசேப்பு எகிப்தில் செய்ததை நினைவுகூர்வோம். விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை அவர் சேமித்து வைத்தார். பஞ்ச காலத்தில் அதுவே மக்களைக் காத்தது. நாமும் சம்பள நாளில் கெட்டுப்போகாத சில பொருட்களை வாங்கி, மூடியுள்ள தகரப் பேணியில் தனியாக வைப்போம். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு உதாரணமாக:

பருப்பு 1 கிலோ: ஐந்து நாட்களுக்கு
கொண்டைக்கடலை அரைக் கிலோ: இரண்டு நாட்களுக்கு
பாசிப்பயறு அரைக் கிலோ: இரண்டு நாட்களுக்கு
நெத்தலிக் கருவாடு 200 கிராம்: நான்கு முறைக்கு

ஒன்பது நாட்களும் இதில் அடங்குகின்றன. மொத்தமாக வாங்கக் கையில் பணம் இல்லையென்றால், முதல் மாதம் பருப்பை மட்டும் ஒதுக்குங்கள். அடுத்த மாதம் இன்னொன்றைச் சேருங்கள்.

3. சேர்த்துச் சமைப்போம்

அரிசியிலும் கோதுமை மாவிலும் குறைவாக உள்ள புரதக்கூறு பருப்பிலும் பயறிலும் உண்டு. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நெத்தலியை முள்ளோடு உண்டால் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் கிடைக்கும்.

கடலையையும் பயறையும் இரவிலேயே ஊறப்போடுங்கள். விறகு மிச்சமாகும், விடியற்காலை மலைக்குப் போகுமுன் சமையலும் முடியும்.

வெலிமடையிலும் பண்டாரவளையிலும் விளையும் போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ் என்பன கெப்பெட்டிபொல பொருளாதார மத்திய நிலையம் வழியாக நாடெங்கும் போகின்றன. நம் கண்முன்னே லொறி ஏறும் மரக்கறி நம் கோப்பைக்கும் வரவேண்டும். சந்தை கலையும் நேரத்தில் விலை இறங்குவதுண்டு. லயத்தின் பின்புறத்தில் ஒரு பாத்தி இருந்தால் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளர்க்கலாம்.

தேயிலைத் தொழிலாளராகிய நாம் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் சரியாக உறிஞ்சாது. கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தச்சோகைக்கு இதுவும் துணைபோகிறது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேநீர் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும்.

4. கொப்பியை எழுதும் முறை

பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். பாட்டியோ அம்மாவோ சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு சமையல். கிராம் கணக்குத் தெரியாவிட்டால் சுண்டு, பிடி, கரண்டி என்று நம் வீட்டு அளவிலேயே எழுதலாம். கொப்பியை மூன்றாகப் பிரியுங்கள்: சம்பளக் கிழமைச் சமையல், நடுமாதச் சமையல், கடைசி நாட்களின் சமையல். வீட்டார் விரும்பி உண்டதற்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள். அடுத்த மாதம் கடைக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எதை வாங்குவது என்பது தெரிந்துவிடும்.

மாதிரிக்கு ஒரு பக்கம்:

பருப்புக் கீரை ரொட்டி (ஐந்து பேருக்கு)
கோதுமை மா 3 சுண்டு, பருப்பு அரைச் சுண்டு, கீரை 1 கட்டு, வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, தேங்காய்ப்பூ 1 பிடி, உப்பு.
பருப்பை நன்றாக அவித்து மசித்து ஆறவிடவும். பொடியாக அரிந்த கீரை, வெங்காயம், மிளகாய் ஆகியவற்றோடு மா, தேங்காய்ப்பூ, உப்புச் சேர்த்துப் பிசையவும். பருப்பில் ஈரம் இருப்பதால் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கவும். தட்டிச் சுடவும். சிறு பிள்ளைகளுக்கு மிளகாய் சேர்க்காமல் தனியாகச் சுடவும். காலையில் மலைக்குக் கொண்டுபோகவும் ஏற்றது.

5. அம்மாவின் பங்கு

நம் வீடுகளில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் தாய். நாள் முழுவதும் கொழுந்து பறித்தவளும் அவளே, பாலூட்டுபவளும் அவளே. ஆகவே கொப்பியில் எத்தனை பேருக்குச் சமையல் என்று எழுதும்போது அவளையும் எண்ணுங்கள். கறியைப் பரிமாறுமுன் அவளுடைய பங்கை ஒரு கோப்பையில் எடுத்து மூடிவையுங்கள். இதை வீட்டு ஆண்கள் பொறுப்பெடுத்துச் செய்தால் இந்தப் பாடத்தின் பாதி நிறைவேறிவிடும்.

குழுவாகக் கலந்துரையாட:

1. சென்ற மாதம் முதலாம் திகதி தொடக்கம் 9 ஆம் திகதி வரை நம் வீட்டில் என்ன சமைத்தோம்?
2. அந்த நாட்களில் யார் குறைவாகச் சாப்பிட்டார்கள்?
3. சிலர் சேர்ந்து பருப்பும் பயறும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்ள முடியுமா? யார் பொறுப்பு?
4. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கடைசி நாட்களுக்கேற்ற ஒரு சமையலை எழுதிக் கொண்டுவாருங்கள்.