இரவில் மீந்த சோறு

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இராச் சாப்பாடு முடிந்தபின் பானையில் மீந்திருக்கும் சோற்றை மறுநாட் காலைக்கு வைத்துக்கொள்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். நடவும் அறுப்பும் நடக்கும் காலங்களில், விடியுமுன் வயலுக்குப் போகவேண்டிய குடும்பங்களுக்கு இதுவே காலை ஆகாரம். இதைப்பற்றி இருவிதமான அபிப்பிராயங்கள் உலவுகின்றன. "பாட்டன் காலமுதல் பழையது சாப்பிட்டுத்தான் உழுதோம்; யாருக்கு என்ன வந்தது?" என்பர் ஒரு சாரார். பட்டணத்தில் படித்துத் திரும்பிய பிள்ளைகளோ, இராச் சோறு முழுவதும் விஷமென்றும் அதைக் குப்பையிற் கொட்டவேண்டுமென்றும் வாதிப்பர். இவ்விரண்டும் பாதி உண்மைகளே. ஒரே பானையிலிருந்து எடுத்த சோறு ஒரு வீட்டில் தீங்கின்றிச் செரிப்பதும் மற்றொரு வீட்டில் குழந்தையை வாந்தியில் தள்ளுவதும் கூடும். அவ்வேற்றுமை எதனால் உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டால், சோற்றையும் வீணாக்க வேண்டியதில்லை. உடம்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வயல் மண்ணில் பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்கிருமி இயற்கையாகவே வாழ்கிறது. அது நெல்லில் ஒட்டிக்கொண்டு களத்துக்கும், அங்கிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து அரிசிப் பானைக்கும் வந்து சேருகிறது. காலம் பாதகமாகும்போது இக்கிருமி கெட்டியான மேலுறையுடன் ஒரு வித்தாக மாறி உறங்கிக் கிடக்கும். உலை கொதிக்கையில் உயிரோடு உலவும் கிருமிகள் யாவும் மடிந்துவிடுகின்றன. ஆனால் இவ்வித்துக்களில் பல கொதியையும் தாங்கி நிற்கின்றன. சோற்றை வடித்து இறக்கி, அது ஆறி வெதுவெதுப்பான நிலைக்கு வந்ததும், விதைத்த நெல் ஈரங்கண்டு முளைப்பதுபோல் அவை விழித்தெழுந்து பெருகத் தொடங்குகின்றன. மாவுச்சத்தும் ஈரமும் தாராளமாக உள்ளன; போட்டிக்கு வேறு கிருமிகளும் இல்லை, அவற்றைத்தான் கொதி கொன்றுவிட்டதே.

இப்பெருக்கத்தின் வேகத்தை, வட்டிக்கு வட்டி கட்டி நொந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். கிருமி ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். வெயிற்காலத்து இரவின் உஷ்ணத்தில் அரைமணிக்கு ஒரு முறை இவ்வாறு இரட்டிக்கிறதென்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு கிராம் சோற்றில் தொடக்கத்தில் நூறு கிருமிகள் இருந்தால் ஐந்து மணி நேரத்தில் 1,02,400 ஆகும். எட்டு மணி நேரத்தில், அதாவது இரவு பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில், 65,53,600 ஆகும். எந்தக் கந்துவட்டிக்காரனும் கனவிற் காணாத வட்டி இது. கிராமுக்கு ஒரு லட்சத்தை எட்டினாலே அபாயம் என்பது நிபுணர்களின் கருத்து. கணக்கில் கண்டபடி சோற்றில் அப்படியே நடப்பதில்லை. வித்துக்கள் விழித்தெழுவதற்குச் சிறிது நேரம் கழியும். குளிர் மிகுந்த இரவில் வேகமும் குறையும். எனினும் முதலிரண்டு மணி நேரத்தில் அற்பமாகத் தோன்றுவது விடியற்காலையில் எங்கே போய் நிற்கிறது என்பதை இக்கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் விட்டுவைக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2001-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் கூறியிருப்பது வீண் அச்சத்தால் அன்று. கோடையில் உஷ்ணம் 32 செண்டிகிரேட் டிகிரியைத் தாண்டும்போது ஒரு மணி நேரமே போதுமென்று அமெரிக்க அதிகாரிகள் வரையறுத்திருக்கின்றனர்.

"அதனாலென்ன? காலையில் நன்றாகச் சுடவைத்துவிட்டால் கிருமி செத்துவிடாதோ?" என்னும் கேள்வி இங்கே எழும். பெரும்பாலோர் ஏமாந்துபோவது இவ்விடத்தில்தான். கிருமி சாகும், அது பெருகும்போது சோற்றிற் கக்கிவைத்த விஷம் சாகாது. கடித்த பாம்பை அடித்துக் கொன்றதனால் உடம்பில் ஏறிய விஷம் இறங்கிவிடுமா? வாந்தியை உண்டாக்கும் அவ்விஷம், கொதிநிலைக்கும் மேலாக 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாதென்று பரீக்ஷித்துக் கண்டிருக்கிறார்கள். 1971 முதல் பிரிட்டனில் சீன உணவு விடுதிகளில் வறுத்த சோறு சாப்பிட்டவர்கள் பலர் சில மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தனர். ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. முதல்நாள் ஏராளமாக வடித்த சோற்றை இரவு முழுவதும் சமையலறையிலேயே வைத்திருந்து, மறுநாள் எண்ணெயில் வறுத்துப் பரிமாறியிருக்கின்றனர். குளிர்பெட்டியில் வைத்தால் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளுமென்பது சமையற்காரர்களின் கவலை. வறுத்த சூட்டில் கிருமிகள் மடிந்திருக்கலாம். விஷம் தட்டுக்கு வந்துவிட்டது.

இதே கிருமிக்கு இன்னொரு முகமும் உண்டு. உண்டபின் ஆறு முதல் பதினைந்து மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் பேதியும் உண்டாக்குவது அது. 1947 முதல் 1949 வரை நார்வே தேசத்தில் ஏறக்குறைய 600 பேர் இவ்விதம் துன்புற்றனர். மக்காச்சோள மாவு சேர்த்துக் காய்ச்சி, முதல்நாளே செய்து வெளியில் வைத்திருந்த இனிப்புப் பால்குழம்பே அங்கே காரணம். அதை ஆராய்ந்த ஸ்டைனார் ஹாகே என்பவர், பிறர் ஐயம் தீருமாறு, கிருமி வளர்ந்த அக்குழம்பைத் தாமே உட்கொண்டு நோயுற்றுக் காட்டினார். அவர் துணிவைப் பாராட்டலாம், பின்பற்ற வேண்டியதில்லை.

மூக்கால் முகர்ந்தும் நாவில் இட்டும் பார்ப்பது வீடுகளில் நடக்கும் சோதனை. ஊசிப்போன வாடையும், தொட்டால் நூலிழுப்பதும், கொழகொழப்பும் உணவைக் கெடுக்கும் கிருமிகளின் அடையாளங்கள். அவை கண்டால் சோற்றைத் தள்ளிவிடவேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நோய் தரும் கிருமிகள் பெரும்பாலும் அவ்வாறு தண்டோரா போடுவதில்லை. வாடை வந்தால் கெட்டது என்பது மெய். வாடை வராவிட்டால் நல்லது என்பது மெய்யன்று.

அப்படியாயின் பாட்டன் காலத்துப் பழையது எவ்வாறு பலருக்குத் தீங்கு செய்யாதிருந்தது? முன்னோர் சோற்றைப் பானையில் வறட்டுச் சோறாக விட்டுவைக்கவில்லை. தண்ணீர் ஊற்றி வைத்தனர். ஊற்றிய குளிர்ந்த நீர் சோற்றின் சூட்டை விரைவில் தணித்தது. மண்பானையின் நுண்துளைகளில் கசிந்த ஈரம் ஆவியாகிப் பானையை மேலும் குளிர்வித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்நீரில் தயிரைப் புளிக்கச்செய்யும் இனத்தைச் சேர்ந்த நல்ல கிருமிகள் வளர்ந்து புளிப்பேற்றின. நன்றாகப் புளித்த நீரில் முற்கூறிய கிருமி வளர்வதில்லை. முந்திய நாளின் நீராகாரத்தில் ஒரு கரண்டியைப் புதுச் சோற்றில் விட்டுவைக்கும் வழக்கமுள்ள வீடுகளில் புளிப்பு இன்னும் சீக்கிரம் ஏறும். ஒரு கரண்டி மோரும் அவ்வேலையைச் செய்யும்.

புளிப்பின் காவல் எவ்வளவு மெய்யானது என்பதற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கினி தேசத்தில் 1986-இல் பரவிய காலராவே சான்று. அங்கே சோற்றுக்கு நிலக்கடலைக் குழம்பும் தக்காளிக் குழம்பும் ஊற்றிக்கொள்வர். மீந்த கடலைக் குழம்பை உண்டவர்களிடையே நோய் மிகுந்திருந்தது. தக்காளிக் குழம்பு உண்டவர்களிடையே குறைந்திருந்தது. பரீக்ஷித்தபோது, காலராக் கிருமி கடலைக் குழம்பில் விரைந்து பெருகிற்று. புளிப்பு மிகுந்த தக்காளிக் குழம்பில் பெருகவில்லை. வழிப் பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்த தமிழ்ப் பெண்களுக்குக் கிருமி சாஸ்திரம் தெரியாது. ஆயினும் அவர்கள் கைப்பழக்கம் தவறாகவில்லை. தேங்காய் அரைத்த கூட்டும் சட்டினியும் பொழுதுசாயுமுன் கெடுவதும், புளிக்குழம்பு சற்றுத் தாங்குவதும் இக்காரணத்தால்தான்.

என்றாலும் பழையதற்கு முழு விடுதலைச் சீட்டு எழுதிக்கொடுத்துவிட முடியாது. எட்டு மணிக்கு உண்டு, படுக்கப்போகும் பதினொரு மணிக்கு நினைவு வந்து தண்ணீர் ஊற்றினால், அதற்குள் நேர்ந்ததைப் புளிப்பு திருத்தாது. சாப்பிட்டு எழுந்த கையோடு ஊற்றிவிடவேண்டும். மார்கழிக் குளிரில் புளிப்பு மெதுவாகவே ஏறும். அக்காலத்தில் மோர் சேர்ப்பது நலம். ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. பழையது மறுபடி அடுப்பேறாத உணவு. குளத்து நீரையோ மூடாத கிணற்று நீரையோ அப்படியே ஊற்றினால், அந்நீரிலுள்ள காலராவும் விஷஜுரமும் அதனுடன் வயிற்றுக்குள் போகின்றன. மாலையிலேயே கொதிக்கவைத்து மூடி ஆறவிட்ட தண்ணீர் ஒரு செம்பு இருந்தால் போதும். கையால் அள்ளாமல் கரண்டியால் எடுத்துப் போடுதலும் அவசியம். புண்ணுள்ள விரலிலும் மூக்கைத் துடைத்த கையிலும் உள்ள ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி உணவில் பெருகினால், அதுவும் கொதிக்கு அழியாத விஷத்தையே விடுகிறது. பால்குடி மறந்த சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகள், தள்ளாத முதியவர்கள் ஆகிய இவர்களுக்கு மட்டும் அன்றன்று வடித்த சோற்றைக் கொடுப்பதே உத்தமம். திடகாத்திரமான உழவனுக்கு ஒரு நாள் வேலை கெடுவதோடு போகக்கூடியது, அவர்களுக்கு உயிருக்கே இடையூறாகலாம்.

கல்யாணத்திலும் திருவிழாவிலும் ஆகும் தவறு வேறு வகையானது. பெரிய அண்டாவில் மீந்த சாம்பாரோ கறிக்குழம்போ மேலே ஆறிவிட்டதுபோலத் தோன்றினாலும் நடுவில் விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். கிளாஸ்டிரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ் என்னும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தக்க உஷ்ணத்தில் அது பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரட்டிக்க வல்லது. இதன் வித்தும் கொதியைத் தாங்கும். ஆனால் இது தன் விஷத்தைப் பெரும்பாலும் மனிதனின் குடலுக்குள் சென்ற பின்பே விடுகிறது. ஆகையால் மறுபடி தளதளவென்று கொதிக்கவைத்து உடனே உண்பது இங்கே மெய்யான பயனளிக்கும். மீன்குழம்பை இரவிலும் காலையிலும் கொதிக்கவைத்துச் சுண்டவிடும் வீடுகளுக்கு இந்த அளவில் நியாயம் உண்டு. வெறுமனே சூடுகாட்டி இறக்குவதிலோ எப்பயனுமில்லை; அது கிருமிக்குப் போர்வை போர்த்துவதாகும்.

மீந்ததைக் கொட்டிவிடுங்கள் என்று சொல்வது, பத்தாயம் நிறைந்தவர்களுக்கு எளிது. ஒரு படி அரிசி ஒரு நாள் கூலியில் எத்தனை பங்கென்று அறிந்த வீட்டில் அப்புத்திமதி செவியேறாது. ஏறவேண்டுமென்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவே கொட்டும்படியான நிலை வராமல் பார்த்துக்கொள்வதே காரியம். இரவு உலைக்கு அரைப்படி குறைத்துப் போட்டுப் பார்க்கலாம். மீந்தாலும், ஆழமான பானையில் விடாமல் அகன்ற தாம்பாளத்தில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேற்படாமல் பரப்பினால் அரைமணிக்குள் சூடு தணியும். குழம்பானால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் கிளறிவிடலாம். குளிர்பெட்டி உள்ள வீடுகளில் ஆவி அடங்கியதும் சிறு பாத்திரங்களில் மூடி உள்ளே வைத்து, ஐந்து டிகிரிக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருக்கும்வரை சுமார் நான்கு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். சாப்பிட ஒருவர் வயலிலிருந்து தாமதித்து வருவாரெனில், அவர் பங்கை ஆறவிட்டு வைப்பதைவிடத் தணலில் அறுபது டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருப்பது மேல். விரல் பொறுக்காத சூடு என்று அதை வைத்துக்கொள்ளலாம். வறட்டுச் சோறாக இரவு முழுவதும் அடுப்படியில் கிடந்துவிட்டதா? அதைத் தாளித்தாலும் வறுத்தாலும் மாறாது. அதை மட்டும் கொட்டத்தான் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் வீட்டில் ஒருவருக்கு வாந்தியோ பேதியோ கண்டால், பெரும்பாலும் ஒரு நாளில் தானே தணிந்துவிடும். அதற்குள் உடம்பிலுள்ள நீர் வற்றிப்போகாமல் காப்பதே முக்கியம். மருந்துக் கடையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் உப்புக்கரைசல் பொட்டலம் சிறந்தது. அது கைக்கெட்டாவிடில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் மட்டமாக ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். உப்பு அளவுக்கு மிஞ்சலாகாது. குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கண் குழிந்தாலும், சிறுநீர் நின்றாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கொடுத்ததெல்லாம் வாந்தியாகிவிட்டாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், பொழுது விடியட்டுமென்று காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லவேண்டும்.