வீட்டிற் பாண் சுடுதல்: தொடங்குவோர்க்கு ஒரு சிக்கனப் பாடம்

நமது இலங்கை நாட்டிலே கோதுமை விளைவதில்லை. ஆயினும், காலை உணவுக்கும் இரவு உணவுக்கும் பாணை நம்பியிருக்கும் குடும்பங்கள் நம் அங்கத்தவரிடையே பல. ஆதலால், கடல் கடந்து வரும் கோதுமையின் விலை ஏறுந்தோறும் நமது குடும்பச் செலவும் ஏறுகின்றது. 2022ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி வற்றியபோது மாவின் விலை பலமுறை உயர்ந்ததை நாம் அறிவோம். பாணை வீட்டிலேயே சுட்டால் மிச்சமாகுமா என்னும் வினா இத்தகைய காலத்தில் எழுவது இயல்பே.

விடையை முதலிலேயே கூறிவிடுவோம். ஓர் இறாத்தல் பாணுக்கென்று தனியே நெருப்பு மூட்டினால் மிச்சம் காண்பது அரிது. ஒரே நெருப்பில் மூன்று பாண் வெந்தால் மிச்சம் உண்டு. காரணத்தைக் கணக்கோடு பின்னர்க் காண்போம். முதலில் செய்முறையைக் கற்போம்.

பொருளும் அளவும்

ஓர் இறாத்தல், அதாவது ஏறத்தாழ 450 கிராம் நிறையுள்ள பாணுக்கு வேண்டுவன: கோதுமை மா 300 கிராம், நீர் 185 மில்லிலீற்றர், உப்பு ஒரு தேக்கரண்டி, சீனி ஒரு தேக்கரண்டி, உலர்ந்த ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. கரண்டி அளவுகள் யாவும் தலை தட்டிய அளவுகளே. மாவைக் கண்ணளவாற் போடுதல் ஆகாது; தராசில் நிறுத்தல் வேண்டும். வீட்டிலே தராசு இல்லாதோர் பண்டகசாலையில் ஒருமுறை 300 கிராம் மாவை நிறுத்து, அது தம் வீட்டுக் கோப்பையில் எவ்வளவு நிற்கின்றது என்று குறித்துக்கொள்ளலாம்.

புளித்தலின் இயல்பு

அப்பத்துக்குக் கள் விட்டு மாவைப் புளிக்கவைக்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. கள்ளிலே இயற்கையாக வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிரே அங்கு வேலை செய்கின்றது. கடையில் விற்கும் ஈஸ்டும் அதே மதுவந்தான். அது சர்க்கரையை உண்டு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும். மாவைப் பிசையும்போது கோதுமையின் புரதம் பாவும் ஊடையும்போலப் பின்னிப் பசையுள்ள வலையாகின்றது. அவ்வலையிலே வாயு சிறைப்படுவதாற் பாண் எழும்புகின்றது. அரிசி மாவிலும் குரக்கன் மாவிலும் இவ்வலை உண்டாவதில்லை. நம் வயலின் அரிசியை மாவாக்கிக் கலக்க விரும்புவோர் மொத்த மாவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற் கலவாதிருத்தல் நன்று. மிகுந்தாற் பாண் கனத்துவிடும்.

செய்முறை

முதலாவது, அளந்த நீரில் ஒரு பகுதியைக் கை பொறுக்கும் இளஞ்சூடாக்கி, சீனியையும் ஈஸ்டையும் இட்டுப் பத்து நிமிடம் வைக்க. நுரை பொங்கினால் ஈஸ்ட் உயிருடன் உள்ளது. நுரை எழாவிடின் அதனைக் கொட்டிவிட்டு வேறு ஈஸ்ட் பெறுக. மாவை அதிற் சேர்த்து வீணாக்கற்க. கொதிநீர் மதுவத்தைக் கொன்றுவிடும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, மாவில் உப்பைக் கலந்து, நுரைத்த நீரையும் எஞ்சிய நீரையும் எண்ணெயையும் விட்டுக் கூட்டுக. இருபது நிமிடம் மூடி வைத்தபின் பத்து நிமிடம் நன்கு பிசைக. தொடக்கத்திற் கையில் ஒட்டுகின்றதே என்று மேலும் மேலும் மா தூவுதல் புதியோர் செய்யும் பிழையாகும். பிசையப் பிசைய ஒட்டுதல் குறையும். சிறு துண்டை எடுத்து விரல்களால் விரித்தால் அறுபடாமல் மெல்லிய தோலாக நீளுமாயின் பதம் சரி.

மூன்றாவது, ஈரத்துணியால் மூடி வைக்க. நமது வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இருமடங்காகும். மணிக்கூட்டைவிட மாவின் பருமனையே நம்புதல் வேண்டும். ஈஸ்டை மிச்சப்படுத்த விரும்புவோர் ஒரு சிட்டிகை ஈஸ்ட் மட்டும் இட்டுக் குளிர்ந்த நீராற் பிசைந்து இரவிலே வைத்தாற் காலையில் எழும்பியிருக்கும். மணமும் கூடும்.

நான்காவது, எழும்பிய மாவை அமர்த்தி, உருட்டி, எண்ணெய் பூசிய அச்சில் இடுக. அச்சில் அரைவாசியே மா நிற்றல் வேண்டும். விளிம்பளவு எழும்ப நாற்பது நிமிடமளவு செல்லும்.

அடுப்பு

மின் போறணை உள்ளோர் அதனை 210 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, முப்பது முதல் முப்பத்தைந்து நிமிடம் சுடுக. போறணை இல்லாதோர் கனத்த இரும்புச் சட்டியின் அடியிலே மணல் பரப்பி, மேலே சிறு தாங்கி வைத்து, மூடி, கால் மணி நேரம் சூடாக்குக. பின்னர் அச்சைத் தாங்கியின்மேல் வைத்து மூடி, மூடியின்மேற் சிரட்டைத் தணல் இடுக. அடியிலே தணல் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருத்தல் வேண்டும். இன்றேல் அடி கரியும், மேல் வேகாது. இவ்வேலையைத் திறந்த வெளியிலேயே செய்க. பூட்டிய அறையிலே தணலின் நச்சுவாயு உயிரைப் போக்கும்.

வெந்த பாணின் அடியைத் தட்டினால் வெறும் பானையைத் தட்டிய ஓசை கேட்கும். எடுத்தபின் ஒரு மணி நேரம் ஆறவிட்டு வெட்டுக. சூட்டோடு வெட்டினால் உள்ளே களிபோல ஒட்டும்.

கணக்கு

ஒரு கிலோகிராம் மா மூன்று இறாத்தல் பாணுக்குப் போதும். நூறு கிராம் மிஞ்சும். ஆகவே அன்றைய மா விலையை மூன்றாற் பிரித்தால் ஒரு பாணுக்குரிய மாச் செலவு ஏறத்தாழத் தெரியும். அதனோடு ஈஸ்ட், சீனி, எண்ணெய், உப்பு ஆகியவற்றையும் எரிபொருளையும் கூட்டுக. எரிபொருளை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றுவதாகும். 1,500 வாற்று மின் போறணை சூடேறுவது முதல் வேகும் வரை முக்கால் மணி நேரம் எரிந்தால் ஏறத்தாழ ஓர் அலகு மின்சாரம் செல்லும். ஒரு பாண் வைத்தாலும் மூன்று பாண் வைத்தாலும் செலவு பெரிதும் வேறுபடாது. மூன்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கே விழும். தணல் அடுப்புக்கும் இதுவே நியாயம். இக்கூட்டுத்தொகை கடைப் பாணின் விலைக்குக் குறைந்தால் மட்டும் சுடுக; கூடினாற் கடையிலே வாங்குக.

கூட்டாகச் செய்யத்தக்கது

ஈஸ்டின் பெரிய பொதி 500 கிராம் கொண்டது. ஒரு பாணுக்கு மூன்று கிராமென்றால் அது நூற்று அறுபதுக்கு மேற்பட்ட பாண்களுக்குப் போதும். தனி வீட்டில் அது முடியுமுன் உயிரிழந்துவிடலாம்; சிறு பொதிகளாக வாங்கினாலோ விலை கூடும். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு பொதியை வாங்கி, ஈரமற்ற சிறு போத்தல்களிற் பங்கிட்டுக் குளிரில் வைத்தால் இவ்விரு நட்டமும் நீங்கும். மூன்று வீட்டார் முறைவைத்து ஒரே அடுப்பிற் சுட்டால் எரிபொருளும் பங்காகும்.

இங்கிலாந்தில் றொச்டேல் நகரத்திலே நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் சேர்ந்து 1844ஆம் ஆண்டு திசெம்பர் 21ஆந் திகதி திறந்த கூட்டுறவுக் கடையின் முதற் பண்டங்கள் வெண்ணெய், சீனி, மா, ஓட்ஸ் மா, மெழுகுதிரி ஆகியனவே. கலப்படமற்ற மாவைச் சரியான நிறையிற் பெறுதல் அவர்களுக்குப் பெரிய காரியமாயிருந்தது. நெசவாளரும் கமக்காரரும் கூடிய நமது சங்கமும் அத்தகைய சிறு காரியத்திலிருந்தே தொடங்கலாம். அயலில் இரண்டு வீட்டாரை இவ்வாரமே அழைத்து, மாவை நிறுத்து, செலவைக் கொப்பியில் எழுதி, ஒரு நெருப்பில் மூன்று பாண் சுட்டுப் பார்ப்போமாக.