கிராண்ட்பாஸில் வீட்டுக் கடன்: தவணை கழுத்தை இறுக்காமல் இருக்க

"மாதாமாதம் வாடகைக்குக் கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டினால் வீடாவது சொந்தமாகுமே." ஆமர் வீதியிலிருந்து களனிப் பாலம் வரைக்கும் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. பேச்சு நியாயமானதுதான், கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். 50 இலட்சம் ரூபாய்க் கடன், 12 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 55,050 ரூபாய். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் நாட்டின் குடும்பங்களில் சரிபாதி மாதம் 53,333 ரூபாய்க்குக் கீழேதான் உழைத்தன. அதற்குப் பிறகு சம்பளம் கூடியிருக்கிறது, சாமான் விலையும் கூடவே கூடியிருக்கிறது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டிய சில விடயங்கள்:

1. நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தீபாவளி, நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டுக் காலங்களில் கை நிறையும். மற்ற மாதங்களில் காயும். முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் இதே கதைதான். கடந்த ஒரு வருடத்தில் ஆகக் குறைவாக வந்த மாதம் எதுவோ அந்தத் தொகையை எடுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் கருத்து. வங்கி இதைவிடத் தாராளமாகக் கொடுக்க முன்வரலாம். சம்பளச் சீட்டைத்தான் வங்கி பார்க்கிறது. அம்மாவின் சீனி வருத்த மருந்தும் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கட்டுகிற சீட்டும் அதில் இல்லை.

2. வட்டி கூடினால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுதிப் பாருங்கள். பல வீட்டுக் கடன்களின் வட்டி, மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றப்பட்ட முதன்மைக் கடன் வழங்கல் வீதத்தோடு ஏறி இறங்கும். 2021 முடிவில் அது 9 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருட முடிவில் முதன்மை வீதம் 27 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2023 முடிவில் 12 சதவீதமளவுக்கு இறங்கியது.

மேலே சொன்ன அதே 50 இலட்சத்துக்கு வட்டி 20 சதவீதமானால் தவணை 85,000 ரூபாயைத் தொடும். "தவணை மாறாது, காலத்தைத்தான் கூட்டுவோம்" என்று ஆறுதல் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். 20 சதவீதத்தில் முதல் மாத வட்டியே 83,333 ரூபாய். 55,000 கட்டினால் வட்டிகூடத் தீராது, கடன் வளரும். எத்தனை வருடத்துக்கு வட்டி நிலையானது, அதன்பின் எதைக் கொண்டு மாற்றுவார்கள், உச்சவரம்பு உண்டா: இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

3. முதல் ஐந்து வருடம் கட்டுவது பெரும்பாலும் வட்டிக்கே. 12 சதவீதக் கடனில் முதல் தவணையான 55,050 ரூபாயில் 50,000 வட்டி, கடன் தொகையில் கழிவது 5,050தான். ஐந்து வருடத்தில் 33 இலட்சம் கட்டியிருப்பீர்கள். கடன் இறங்கியிருப்பது 4 இலட்சத்துச் சொச்சம். இது ஏமாற்று இல்லை, குறைந்து செல்லும் மீதியில் வட்டி போடும் முறையே அப்படித்தான். ஆனால் "ஐந்து வருடம் கட்டிவிட்டேன், கால்வாசி முடிந்தது" என்று நினைத்து வீட்டை விற்கப் போகிறவர் திகைத்துப் போவார்.

4. அதனால்தான் தொடக்கத்தில் கூடுதலாகக் கட்டும் காசுக்கு வலிமை அதிகம். அதே கடனில் முதல் மாதத்திலிருந்தே 5,000 ரூபாய் சேர்த்து 60,000ஆகக் கட்டினால் 20 வருடக் கடன் 15 வருடத்தில் முடியும். மிச்சமாவது சுமார் 24 இலட்சம். மாதாமாதம் முடியாதவர்கள் போனஸையோ, வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்புகிற காசையோ, சீட்டு விழுந்த தொகையையோ வருடத்துக்கொரு தடவை கட்டலாம்.

கட்டும்போது "இது முதலுக்கு, தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறையுங்கள்" என்று கடிதம் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள். சொல்லாவிட்டால் அடுத்த மாதத் தவணையாக வரவு வைத்துவிடுவதும் உண்டு. முன்கூட்டியே கட்டுவதற்குக் கட்டணம் அறவிடுவார்களா என்பதைக் கடன் எடுக்கும் நாளிலேயே கேட்பது நல்லது.

5. "வட்டி 12 சதவீதம்தான்" என்று விளம்பரம் சொன்னால், எந்த 12 என்று கேளுங்கள். சில இடங்களில் அது தட்டையான வட்டி. 10 இலட்சத்துக்கு ஐந்து வருடம் தட்டையாக 12 சதவீதம் என்றால் வட்டி மட்டும் 6 இலட்சம், தவணை 26,667. குறைந்து செல்லும் மீதி முறைக்கு மாற்றினால் உண்மையில் நீங்கள் கொடுப்பது 20 சதவீதத்துக்கு மேல். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது சதவீதத்தை விட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை ரூபாய் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை வைத்துப் பாருங்கள்.

6. ஊழியர் சேமலாப நிதியை மறக்க வேண்டாம். பத்து வருடம் அங்கத்தவராக இருந்து கணக்கில் 3 இலட்சத்துக்கு மேல் உள்ளவர், வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 சதவீதத்தை, ஆகக் கூடியது 20 இலட்சம் வரை, ஓய்வுக்கு முன்பே எடுக்கலாம். மீதியில் 75 சதவீதம் வரை பிணையாகக் காட்டி வங்கியில் வீட்டுக் கடன் பெறும் வழியும் இருக்கிறது. விசாரிக்க வேண்டிய இடம் தொழில் திணைக்களம். ஆனால் இது முதுமைக்கான காசு. தளபாடம் வாங்கவும் டைல்ஸ் மாற்றவும் இதில் கை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன்.

7. நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடி வீடுகளுக்குப் போனவர்கள் கவனத்துக்கு. 2010க்குப் பிறகு கொழும்பு வடக்கின் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் இந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. பலருக்கு வீட்டின் விலையாக 10 இலட்சம் ரூபாய் சொல்லப்பட்டு, முற்பணம் போக மீதியை 20, 30 வருடத் தவணையாகக் கட்டும்படி கேட்கப்பட்டது. வங்கிக் கடனோடு ஒப்பிட்டால் தவணை சின்னதுதான். ஆனால் முன்பு தோட்டத்தில் சொந்தமாக வீடு கட்டி வாழ்ந்தவருக்கு அது புதிய செலவு. பராமரிப்புப் பணமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். உறுதி கேட்கும் நாளில் அவைதான் சாட்சி. இப்படிப்பட்ட வீட்டை இன்னொருவரிடமிருந்து வெறும் கையெழுத்துத் தாளில் வாங்குவது ஆபத்து. உறுதி இல்லாத வீட்டை வங்கி ஈடாக எடுக்காது.

8. தவணைக்கு வெளியே போகும் காசுக்கும் பெட்டியில் இடம் வேண்டும். உறுதி மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 80 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 3,19,000. நொத்தாரிசு கட்டணம், விலை மதிப்பீடு, காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடும் செலவு எல்லாம் தனி. தொடர்மாடி என்றால் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்குக் கட்ட வேண்டிய மாதாந்தப் பணத்தில் முன்னைய சொந்தக்காரர் நிலுவை வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள்.

9. சோலை வரியை ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் சேர்த்துக் கட்டினால் 10 சதவீதம் கழிவு.

10. காப்புறுதியில் வெள்ளம் இருக்கிறதா? களனி ஆற்றின் மட்டம் அளக்கும் நாகலகம் வீதி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ள எச்சரிக்கை வரும்போதெல்லாம் வானொலியில் அந்தப் பெயர் அடிபடும். 2016 மே வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வங்கி கேட்பது பல தடவை தீக் காப்புறுதி மட்டுமே. கொஞ்சம் கூடுதலாகக் கட்டி வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உழைக்கிறவர் இறந்தால் மீதிக் கடனைத் தீர்க்கும் ஆயுள் காப்புறுதியும் அவசியம்; அது கணவன் பெயரில் மட்டும் இருந்து மனைவியின் சம்பளமும் தவணைக்குப் போகிறதென்றால், பாதுகாப்பு பாதிதான்.

11. மச்சானின் லீசிங்குக்குப் பிணை நிற்கும் முன் யோசியுங்கள். 1990இல் தொடங்கிய கடன் தகவல் பணியகத்தில், எல்லோரும் சொல்கிற 'கிரிப்'பில், அவர் தவறவிட்ட தவணை உங்கள் வீட்டுக் கடனுக்குக் குறுக்கே நிற்கும். விண்ணப்பிக்கும் முன் உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள்.

12. இரண்டு தவணை தவறும்வரை காத்திராமல் முதலாவது தவறப் போகிறது என்று தெரிந்தவுடன் கிளை முகாமையாளரைச் சந்தியுங்கள். செட்டியார் தெருவில் நகையை வைத்து ஒரு மாதம் சமாளிக்கலாம், மூன்றாவது மாதமும் அதே வழி என்றால் நகையும் போகும், வீடும் தப்பாது. மீள் அட்டவணை கேட்பதில் வெட்கமில்லை. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி, 'பராட்டே' முறையில், கடன் தொகை வரம்பு போன்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வங்கி நீதிமன்றம் போகாமலேயே ஈடு வைத்த சொத்தை ஏலம் விட முடியும். ஏல அறிவித்தல் பத்திரிகையில் வந்த பிறகு பேசுவதைவிட இப்போது பேசுவது எளிது. வங்கி காது கொடுக்காவிட்டால், எழுத்தில் முறையிட்ட பிரதியோடு மத்திய வங்கியின் 1935 இலக்கத்தை அழையுங்கள். ஆவணங்களைத் தமிழில் தரும்படியும் தயங்காமல் கேளுங்கள்.

13. கடைசித் தவணை கட்டியதும் வேலை முடியவில்லை. ஈடு நீக்கும் உறுதியை எழுதுவித்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிவு செய்து, மூல உறுதியை வங்கியிடமிருந்து கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். பதியாமல் விட்டால், பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் வீட்டை மாற்றப் போகும்போது பதிவேட்டில் வங்கியின் பெயர் அப்படியே நிற்கும். நொத்தாரிசுக்கு மறுபடி அலைய வேண்டியது அவர்கள்தான்.