எந்த ஊரின் மாணவியாக விண்ணப்பிக்கிறாய்?

அன்புள்ள தங்கைக்கு,

மட்டாஞ்சேரியில் பிறந்து, அங்கேயே பிளஸ் டூ முடித்து, இந்த ஓராண்டைப் பெற்றோருடன் ஷார்ஜாவில் கழித்தபடி மறுபடியும் நீட் எழுதப்போகும் உனக்கு ஆலுவாவிலிருந்து எழுதுகிறேன். ஓராண்டு வீணாகிறதே என்ற கவலை வேண்டாம். பாலாவிலும் திருச்சூரிலும் ரிப்பீட்டர் வகுப்புகள் நிரம்பி வழிகின்றன; நீட் தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை, 2022-இல் வயது உச்சவரம்பையும் நீக்கிவிட்டார்கள். பாடத்தைப் பற்றிச் சொல்ல உனக்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது அவர்கள் பெரும்பாலும் கடைசியில் சொல்லும் ஒன்றை: புத்தகத்தைத் திறக்கும் முன்பே, எந்த மாநிலத்தின் மாணவியாக விண்ணப்பிக்கப்போகிறாய் என்பதை முடிவு செய்துகொள்.

தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றுதானே, இதில் ஊர் எங்கே வந்தது என்று நீ கேட்கலாம். தேர்வு ஒன்றுதான், சேர்க்கை ஒன்றல்ல. அரசு மருத்துவக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் மட்டுமே அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 சதவீதத்தை அந்தந்த மாநிலம் தன் விதிப்படி நிரப்புகிறது. 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடங்கிவைத்த விவாதத்தின் விளைவு இந்தப் பங்கீடு. முதுநிலை மருத்துவத்தில் வசிப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எம்பிபிஎஸ் அளவில் அந்த ஒதுக்கீடு தொடர்கிறது. 2024-இல் 23 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் எழுதினார்கள், நாட்டில் இருந்த எம்பிபிஎஸ் இடங்களோ 1 லட்சத்துக்குச் சற்று மேல். இந்த நெரிசலில் உன் மதிப்பெண்ணுக்கு அடுத்தபடியாக உன் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இந்த 85 சதவீதத்தில் உனக்கு இடம் உண்டா என்பதுதான். நீ ஷார்ஜாவில் இருப்பதால் அந்த உரிமை போய்விடாது. ஆனால் அதை நிரூபிக்கும் காகிதங்கள் எல்லாம் கடலுக்கு இந்தப்பக்கம் இருக்கின்றன.

உன் சிக்கல் இன்னும் கொஞ்சம் நுட்பமானது. நீ பிறந்தது கேரளத்தில். அப்பா அம்மாவின் சொந்த ஊர் திருநெல்வேலி. கேரளக் கணக்கில் இங்கே பிறந்த நீ கேரளைட். பெற்றோரின் பூர்விகத்தைக் காட்டித் தமிழ்நாட்டிலும் கேட்டுப் பார்க்கலாமே என்று உறவினர் யாராவது சொல்வார்கள். இரண்டு பட்டியலிலும் பெயர் இருந்தால் வாய்ப்பும் இரட்டிப்பு என்பது அவர்கள் கணக்கு. அது தப்புக் கணக்கு. 2017-இல் தமிழ்நாட்டுத் தரவரிசைப் பட்டியலில் இருந்த சிலரின் பெயர் வேறு மாநிலப் பட்டியலிலும் இருந்ததாக எழுந்த சர்ச்சை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சொந்த மாநிலம் என்று ஒன்றைத்தான் உரிமை கோரலாம். எனவே தேர்ந்தெடு. என் கருத்து, நீ வளர்ந்த மண்ணை எடுத்துக்கொள். மலையாளத்தில் நோயாளியின் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ள உன்னால் முடியும். களமசேரியிலோ ஆலப்புழையிலோ வார்டில் நிற்கும் முதல் நாளே அது உதவும்.

இதற்கு மறுப்பாக இரண்டு யோசனைகள் உன் காதில் விழும். ஒன்று, வளைகுடாவில் இருக்கும்போது என்ஆர்ஐ ஒதுக்கீடு இருக்கிறதே என்பது. 2005-இல் இனாம்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரிகளில் 15 சதவீதம் வரை அதற்கு இடமளித்தது, அதுவும் உண்மையான வெளிநாட்டு இந்தியர்களின் பிள்ளைகளுக்கு. தூரத்து உறவினரையும் சேர்த்து அந்த வரையறையை விரித்த பஞ்சாப் அரசை 2024 செப்டம்பரில் அதே நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. உன் பெற்றோர் அங்கே வேலை செய்வதால் உனக்குத் தகுதி இருக்கலாம். ஆனால் கேரள அரசுக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில பத்தாயிரம் ரூபாய்க்குள் முடிகிற கட்டணம் அங்கே பல லட்சமாகும். குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பைக் கரைக்கும் அந்த வழியைக் கடைசி வழியாக வைத்துக்கொள். முதல் திட்டமாக வேண்டாம்.

இன்னொன்று, வெளிநாட்டிலேயே படித்துவிடலாம் என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது; நல்ல கல்லூரிகள் உண்டு, நேர்மையாகப் படித்து வந்த மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் 2021 நவம்பரில் வந்த விதிகளைப் படித்துவிட்டு முடிவெடு. குறைந்தது 54 மாதப் படிப்பு, ஆங்கிலவழிக் கல்வி, படித்த நிறுவனத்திலேயே 12 மாத உள்ளுறைப் பயிற்சி, அதன்பின் இந்தியாவில் மேலும் 12 மாதம், எல்லாவற்றையும் 10 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அதற்குமேல் இந்தியத் தகுதித்தேர்வு வேறு. அதில் ஒவ்வொரு முறையும் எழுதுவோரில் பெரும்பகுதியினர் தோற்கிறார்கள். 2022-இல் போர் வந்தபோது உக்ரைனிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான மாணவர்களின் படிப்பு பாதியில் நின்றதையும் மறக்காதே.

ஊர் பார்த்து இடம் கொடுப்பது நியாயமா என்று நீ கேட்டால், எனக்கு நியாயமாகவே படுகிறது. அரசுக் கல்லூரியின் குறைந்த கட்டணத்துக்குப் பின்னால் அந்த மாநில மக்களின் வரிப்பணம் இருக்கிறது. தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நாளை நிற்பவரை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். அந்த எதிர்பார்ப்பை ஏற்றுக்கொண்டுதான் நீ விண்ணப்பத்தில் கேரளைட் என்று எழுத வேண்டும்.

தூரம் செய்யும் கெடுதல் என்ன என்பதற்கு 2020 சாட்சி. கோவிட் காலத்தில் வளைகுடாவில் தேர்வு மையம் கேட்டவர்களின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிள்ளைகள் விமானம் தேடி ஊருக்கு வந்தார்கள். 2021-இல் குவைத்தும் துபாயும் மையங்களாயின, 2022-இல் வெளிநாட்டு மையங்கள் 14 நகரங்களாகப் பெருகின. 2024-இல் அவற்றை முதலில் விட்டுவிட்டு, எதிர்ப்பு வந்தபின் சேர்த்தார்கள். அறிவிப்பு வரும்வரை எதையும் உறுதியென்று நம்பாதே. மையம் கிடைத்தால், இந்திய நேரம் பிற்பகல் 2 மணித் தேர்வு உனக்கு 12.30-க்குத் தொடங்கும், மாதிரித் தேர்வுகளையும் அந்த நேரத்திலேயே எழுதிப் பழகு.

கடைசியாக, பலர் தடுக்கி விழும் இடம்: நீட் எழுதினால் மட்டும் கேரளத் தரவரிசையில் பெயர் வராது. கேரள நுழைவுத் தேர்வு ஆணையரின் கீம் விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கும் தனியே பதிய வேண்டும், அது நீட் முடிவு வரும் முன்பே மூடிவிடும். பிறப்புச் சான்றும் எஸ்எஸ்எல்சி புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று இன்றே பார். நேட்டிவிட்டிச் சான்றும், இட ஒதுக்கீடு கோருவதானால் நான்-கிரீமிலேயர் சான்றும் வேண்டுமென்றால், மட்டாஞ்சேரி வீட்டில் இருக்கும் யாரையாவது அக்ஷயா சேவை மையத்துக்கு அனுப்பி வில்லேஜ் ஆபீஸுக்கு மனு போடச் சொல். இந்த மாதமே செய்துவிடு.