கீழடியில் ஒரு குழியைப் படிப்பது எப்படி?

செமஸ்டர் லீவுல மதுரை ட்ரிப் போறீங்களா? அரைநாள் ஒதுக்கி கீழடிக்கும் போயிட்டு வாங்க. மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர். 2023-ல் திறந்த அருங்காட்சியகத்துல பானையும் பாசிமணியும் பார்த்து, போட்டோ எடுத்துட்டு அப்படியே பஸ் ஏறிடாதீங்க. அகழாய்வுக் குழிகளையும் பாருங்க.

குழியோட பக்கச் சுவர்ல மண்ணின் நிறம் மாறிக்கிட்டே போகும். ஒவ்வொரு நிறமும் ஒரு அடுக்கு. கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. கேட்க ரொம்ப ஈஸி. ஆனா பிற்காலத்துல யாராவது அங்கே ஒரு குப்பைக்குழி வெட்டியிருந்தா, புதுப் பொருள் பழைய அடுக்குக்குள்ள இறங்கிடும். அந்த வெட்டு, மண் நிறத்துல மெல்லிசாத்தான் தெரியும். அதைக் கவனிக்காம விட்டா காலக்கணக்கே தப்பாயிடும்.

2019-ல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட கீழடி அறிக்கை ஞாபகம் இருக்கா? 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கார்பன் மாதிரியின் காலம் கி.மு. 580. 200 சென்டிமீட்டரில் எடுத்தது கி.மு. 205. மாதிரிகளைப் பரிசோதித்தது அமெரிக்காவில் உள்ள லேப். கார்பன்-14-இன் அரை ஆயுள் 5730 வருஷம்னு பிளஸ் டூ பிசிக்ஸ்ல படிச்சோமே, அதே கணக்குதான். ஆனா மாதிரி எந்த அடுக்குல, எந்த ஆழத்துல இருந்ததுன்னு குழியில நின்னு அளந்து எழுதினவர் இல்லைன்னா, அந்தத் தேதியை எதோடும் பொருத்த முடியாது. இன்னொரு சிக்கல்: தோண்டின அடுக்கு அதோட காலி. நம்ம லேப்ல ரீடிங் தப்பானா மறுபடி எடுக்கலாம், இங்கே முடியாது.

அதனாலதான் இந்த வேலைக்கு நம்ம ஆட்கள் தேவைப்படுறாங்கன்னு நினைக்கிறேன். சர்வே லேப்ல வெயில்ல நின்னு திட்டிக்கிட்டே பிடிச்ச டோட்டல் ஸ்டேஷன் இங்கே தினசரிக் கருவி. தோண்டாமலே மண்ணுக்குள்ள பார்க்கும் ரேடார், ஈசிஇ-காரங்களுக்குப் புதுசு இல்ல. ட்ரோன் படங்களைக் கோத்து முப்பரிமாண மாடல் செய்றது சிஎஸ்இ-க்குப் பழகின வேலை.

உண்மையையும் சொல்லிடறேன். பி.இ. மட்டும் வச்சு தொல்லியலாளர் ஆக முடியாது. மத்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் ரெண்டு வருஷ முதுநிலைப் பட்டயப் படிப்புக்குள்ள போகவே, அதுக்குத் தொடர்பான துறையில முதுகலை வேணும். அதுக்கு சென்னைப் பல்கலைக்கழகமோ, புனே டெக்கான் கல்லூரியோ போகலாம். தகுதி விவரத்தை அவங்க அறிவிப்புல சரி பாருங்க. கையில பிளேஸ்மென்ட் ஆஃபர் இருக்கும்போது இன்னும் சில வருஷம் படிக்கிறேன்னு வீட்டுல சொல்றது லேசு இல்ல. வேலையிடங்களும் குறைவு.

அதனால முதல்ல செலவில்லாத ஒரு டெஸ்ட். கிராஃப் ஷீட், பென்சில் எடுத்துட்டுப் போங்க. பாதுகாப்பான தூரத்துல நின்னு, ஒரு குழியின் ஒரே ஒரு சுவரை, அடுக்கு அடுக்கா, ஒரு மணி நேரம் வரைஞ்சு பாருங்க. பத்தே நிமிஷத்துல போர் அடிச்சா, ரெண்டு வருஷம் மிச்சம்.