காலத்தை அளக்கும் மனம்

ஒரே நிகழ்ச்சியை இருவர் கவனிக்கின்றனர். இருவரும் நேர்மையானவர்கள், விழிப்புள்ளவர்கள். ஆயினும் அது நிகழ்ந்த கணம் எது என்பதில் இருவரும் வேறுபடக்கூடும். இவ்வுண்மையை அறிவியல் உணர்வதற்கு முன்பே ஓர் இளைஞர் அதற்கு விலை கொடுக்க நேர்ந்தது.

இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் அரச வானியலாளராக விளங்கியவர் நெவில் மாஸ்கெலின். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னிபுரூக். தொலைநோக்கியினுள் கட்டப்பட்ட மெல்லிய இழைகளை விண்மீன் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர்களது பணி. கண் விண்மீனைப் பின்தொடரும். காது கடிகாரத்தின் விநாடி ஒலிகளை எண்ணும். இரண்டு ஒலிகளுக்கிடையே விண்மீன் இழையைக் கடந்த கணத்தை, விநாடியின் பத்தில் ஒரு பங்குவரை மனத்தால் பகுத்து எழுத வேண்டும்.

1795 ஆகஸ்டு முதல் உதவியாளரின் குறிப்புகள் மாஸ்கெலினுடையவற்றைவிட அரை விநாடி பிந்தின. சுட்டிக்காட்டியும் பயனில்லை, 1796 ஜனவரியில் வேறுபாடு 0.8 விநாடியாயிற்று. அவ்வளவு நேரத்தில், பூமத்தியரேகையில் உள்ள ஓரிடம் பூமியின் சுழற்சியால் சுமார் 370 மீட்டர் நகர்ந்துவிடும். கின்னிபுரூக்கின் உழைப்பை ஒப்புக்கொண்டபோதிலும், மாஸ்கெலின் அவரைப் பணியிலிருந்து விலக்கினார்.

பின்னாளில் ஜெர்மானிய வானியலாளர் பெஸ்ஸல் இதனைப் படித்தார். முயன்றும் திருத்திக்கொள்ள இயலாத ஒன்று வெறும் கவனக்குறைவாக இருக்க முடியுமா என்று ஐயுற்றார். பிறரைச் சோதிக்கும்முன் தம்மையே சோதனைக்கு உட்படுத்தினார். 1820-ஆம் ஆண்டையொட்டி வால்பெக் என்ற வானியலாளருடன் தம் குறிப்புகளை ஒப்பிட்டபோது, ஒரு விநாடிக்கும் மேற்பட்ட வேறுபாடு தெரிந்தது! தேர்ந்த அறிஞர்கள் இருவரிடையே, கின்னிபுரூக்கின் ‘பிழை’யைவிடப் பெரிய இடைவெளி. கண் தருவதையும் காது தருவதையும் மனம் இணைக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பது இதனால் புலப்பட்டது. வானியலார் இதற்குத் ‘தனியாள் சமன்பாடு’ என்று பெயரிட்டு, கணக்கில் சேர்த்துத் திருத்தினர்.

இங்கு நுட்பமான ஒரு செய்தி உண்டு. இருவரை ஒப்பிட்டால் கிடைப்பது வேறுபாடு மட்டுமே; இருவரில் உண்மைக்கு அருகில் இருப்பவர் யார் என்பதை அந்த ஒப்பீடு கூறாது. மாஸ்கெலின் தம் கணிப்பையே அளவுகோலாகக் கொண்டார். அதிலும் வழு இருக்கலாம் என்று எண்ணவில்லை. பெஸ்ஸலோ தம்மையும் அளக்கப்படும் பொருளாகக் கொண்டார்.

1802-ல் மறைந்த கின்னிபுரூக் இவ்விளக்கத்தைக் கேட்க வாழ்ந்திருக்கவில்லை. உடன் பணிபுரிபவரைத் ‘தாமதிப்பவர்’ என்று தீர்ப்பளிக்க நாவெழும்போது, நம் மனக்கடிகாரத்தை ஒருமுறை சோதித்துக்கொள்வது அவருக்கு நாம் செலுத்தும் நீதியாகும்.