மணிக்கட்டு முறிவும் அன்றாட வேலைகளும்

சம்பா நடவுக் காலத்தில் சிதம்பரம் வட்டத்து வரப்புகள் வழுக்குவதை நாம் அறிவோம். வழுக்கி விழுகிறவர் தம்மை அறியாமலே கையை ஊன்றுகிறார். உடலின் பாரம் உள்ளங்கையில் இறங்க, மணிக்கட்டை அடுத்துள்ள ஆரை எலும்பு முறிகிறது. இவ்வகை முறிவை அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் என்பார், எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பே, 1814இல் விவரித்து எழுதினார். இக்காலத்தில் எலும்பு பெரிதும் விலகியிருப்பின், அறுவைச் சிகிச்சை செய்து உலோகத் தகட்டையும் திருகாணிகளையும் பொருத்துகின்றனர்.

தகடு எலும்பைத் தாங்கும். கையை வேலை செய்ய வைக்காது. இதனை நம் கிராமத்தார் பலர் உணர்வதில்லை. “கையை அசைக்காதே” என்று வீட்டார் அன்பினால் தடுக்க, நோயாளி வாரக்கணக்கில் கையைத் தூக்குக் கட்டிலேயே வைத்திருப்பார். எலும்பு கூடிவிடும், ஆயினும் விரல்கள் மடங்கா. அரிவாள் பிடிக்க இயலாத கையை வைத்துக்கொண்டு உழவர் என் செய்வார்? சிலரோ இதற்கு நேர்மாறாக, பத்தாம் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிடுகின்றனர்.

இவ்விரண்டுக்கும் நடுவழி நம் வீட்டிலேயே இருக்கிறது. செயல்முறை மருத்துவம் என்னும் துறையினர் அன்றாட வேலைகளையே மருந்தாகக் கையாளுகின்றனர். மருத்துவர் தடுத்திராவிடில், அறுவை முடிந்த முதல் நாள் தொட்டே விரல்களை முழுதும் மடக்கி நீட்டலாம்; கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் தணியும். மணிக்கட்டை அசைக்கும் நாளை அறுவை செய்தவரே சொல்ல வேண்டும். அவர் இசைந்த பின், சட்டைப் பொத்தான் போடுதல், துண்டு மடித்தல், அரிசியில் கல் பொறுக்குதல், பூத் தொடுத்தல் போன்ற இலேசான வேலைகள் தகும். கோலமிடுவதைத் தனியே குறிப்பிட வேண்டும். பெருவிரலும் சுட்டுவிரலும் மாவை அளந்து விட, மணிக்கட்டு அதனோடு இசைந்து திரும்புகிறது. இதனினும் நல்ல பயிற்சியைக் காசு கொடுத்து வாங்க இயலுமா என்பது ஐயமே.

உள்ளங்கை மேல்நோக்கித் திரும்புவதே பலருக்குக் கடைசியில் வரும் அசைவு. கோயிலில் திருநீறு வாங்கக் கை நீட்டும்போதுதான் அக்குறை தெரியவரும். கதவுத் தாழைத் திருப்புதலும், பாதியளவு ஆறிய பாலை இரு தம்ளர்களில் மாற்றி ஆற்றுதலும் இதற்கு உதவும்.

ஏறத்தாழ ஆறு வாரத்திற்குப் பின் எக்ஸ்ரே பார்த்து எலும்பு கூடியது என மருத்துவர் உறுதி செய்தால், மாவு பிசைதல், துணி பிழிதல் ஆகியவற்றைப் படிப்படியாகத் தொடங்கலாம். நீர் இறைத்தல், கதிர் அறுத்தல், மண்வெட்டி பிடித்தல், வலை இழுத்தல் ஆகியவற்றிற்குப் பெரும்பாலும் மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும். செய்த வேலையினால் எழும் வலி சிறிது நேரத்தில் தணிந்தால் அஞ்ச வேண்டா. மறுநாளும் வலியும் வீக்கமும் மிகுந்திருந்தால், அவ்வேலையைக் குறைத்துக்கொள்க.

புண்ணில் சீழ் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, பெருவிரல் திடீரென நீட்ட முடியாமற் போனாலோ உடனே அறுவை நடந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து உருவிவிடுதலும், மூங்கிற் பத்தை வைத்து இறுகக் கட்டுதலும் தகடு வைத்த கைக்குத் தீங்காகும்.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் மருத்துவக் கல்லூரியும், கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் உள்ளன. எனினும் நடவு நாளில் பயிற்சிக்கென்று பலமுறை பேருந்தேறிச் செல்வது உழவர்க்கு எளிதன்று. 2021இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடும் இடம் பெற்றது. தம் வார்டில் கை முறிந்து அறுவை செய்துகொண்டு வந்தவர் இருப்பின், ஊராட்சி உறுப்பினர் அவரைக் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவிக்கலாம். வீட்டாரிடமும் ஒரு சொல் சொல்லலாம்: குடத்தை வாங்கி வைத்துக்கொள்க, கோல மாவைக் கையில் கொடுக்க.